ஏரிக்கரை வானத்தில் இரண்டு உத்தரவுகள்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஐரோப்பாவின் ஆறுகளும் ஏரிகளும் பிரெஞ்சுப் பெயரில்தான் அறிமுகம். காவிரி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் விழிப்போம். ரைன் ஆறு எந்த ஏரிக்குள் புகுந்து எந்த முனையில் வெளியே வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்த ஏரிக்கு நாங்கள் படித்த பெயர் லாக் த கோன்ஸ்தான்ஸ். ஆங்கிலத்தில் கான்ஸ்டன்ஸ் ஏரி. ஜெர்மானியர்கள் போடன்சே என்கிறார்கள். நீளம் 63 கிலோமீட்டர். வடகரை ஜெர்மனி, தென்கரை சுவிட்சர்லாந்து, கிழக்கு மூலை கொஞ்சம் ஆஸ்திரியா. நம் ஊசுட்டேரியைப் போல அறுபது, எழுபது ஏரிகளைச் சேர்த்தால் அந்த ஒரு ஏரி.

1945-ல் ஜெர்மனி தோற்றபோது இந்த வடகரை பிரெஞ்சுக்காரர்கள் பங்குக்கு வந்தது. அவர்களுடைய படை 1990-களின் தொடக்கம் வரை அங்கே முகாம் போட்டிருந்தது. எங்கள் தெருவில் இருந்த சொல்தா ஒருவர் அங்கே சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். “ஆகாயக் கப்பல் செஞ்ச ஊருய்யா அது” என்பார். அவர் சொன்ன ஊர் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன். அவர் சொல்லித்தான் அந்த வட்டாரத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, அது ஆகாயக் கப்பல் ஏறிய ஊர் மட்டுமல்ல, விழுந்த ஊரும்தான். அந்த வானத்திலிருந்து நூறு வருஷத்தில் விழுந்தவற்றில் சிலதைச் சொல்லி, கடைசியாக 2002-ல் விழுந்த இரண்டு விமானங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் செப்பலின். ஃபெர்டினாண்ட் ஃபான் செப்பலின் பிரபு இந்த ஏரிக்கரையில் கோன்ஸ்தான்ஸ் நகரில் 1838-ல் பிறந்தவர், படையில் ஜெனரால். 1890-ல், 52 வயதில், மேலிடத்துக்குப் பிடிக்காமல் போய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் நாம் என்ன செய்கிறோம்? கடற்கரையில் நடக்கிறோம், பென்ஷன் அகவிலைப்படியைப் பற்றிப் பேசுகிறோம். அவர் 128 மீட்டர் நீளத்தில் ஒரு ஆகாயக் கப்பலைக் கட்டினார். அதை நிறுத்தும் கொட்டகையை ஏரித் தண்ணீரில் மிதக்கவிட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கொட்டகையும் திரும்பிக்கொள்ளும். 1900 ஜூலை 2 அன்று அது முதல்முறையாக ஏறியபோது அவருக்கு வயது 61. பறந்தது ஏறக்குறைய 18 நிமிஷம். அதற்குள் பணம் தீர்ந்து, கப்பலைப் பிரித்து விற்கும்படி ஆனது.

லாட்டரி நடத்தியும் மனைவி வீட்டுச் சொத்தை அடமானம் வைத்தும் இரண்டாவது கப்பலைக் கட்டினார். 1906 ஜனவரி 17 அன்று இயந்திரம் நின்றுபோய், காற்று அதை இழுத்துக்கொண்டு போய், கிஸ்லெக் என்ற ஊருக்குப் பக்கத்தில் வயலில் இறக்கியது. இறங்கியதில் பெரிய சேதமில்லை. கயிறு கட்டி நிறுத்திவிட்டுப் படுத்தார்கள். ராத்திரி அடித்த புயல் அதைச் சின்னாபின்னமாக்கியது.

இதைவிடப் பெரிய கதை 1908-ல். ஜெர்மன் படை ஒரு நிபந்தனை போட்டது. 24 மணி நேரம் தொடர்ந்து பறந்து காட்டினால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. ஆகஸ்ட் 4 அன்று நான்காவது கப்பல் ஏரிக்கரையிலிருந்து கிளம்பி, ரைன் ஆற்றோடு பாசல், ஸ்திராஸ்பூர் (அப்போது அது ஜெர்மனி கையில்) வழியாக மைன்ஸ் வரை போனது. திரும்புகையில் இயந்திரக் கோளாறு. மறுநாள் காலை ஷ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் எக்டர்டிங்கன் வயல்வெளியில் இறக்கிப் பழுது பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கத் திருவிழாக் கூட்டம். பிற்பகலில் திடீரென்று கிளம்பிய சூறைக்காற்று, சிப்பாய்கள் பிடித்திருந்த கயிறுகளையும் மீறிக் கப்பலைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் மோத வைத்தது. உள்ளே இருந்தது ஹைட்ரஜன். சில நிமிஷங்களில் 136 மீட்டர் கப்பலில் எலும்புக்கூடுதான் மிச்சம்.

உயிர்ச்சேதம் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். யாரும் அந்த எழுபது வயதுக் கிழவரைத் திட்டவில்லை. நாடு முழுவதும் தாமாகவே பணம் அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட உண்டியலை உடைத்தார்கள். சேர்ந்தது 60 லட்சம் மார்க்குக்கு மேல். அந்தப் பணத்தில்தான் செப்பலின் கம்பெனியே எழுந்தது. எக்டர்டிங்கன் வயல் இருந்த பகுதியில் இன்று ஷ்டுட்கார்ட் விமான நிலையம் இருக்கிறது.

போர் வந்தது. 1914 நவம்பர் 21 அன்று பிரான்சின் பெல்ஃபோரிலிருந்து கிளம்பிய மூன்று சிறிய பிரிட்டிஷ் விமானங்கள், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பறந்து ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் கொட்டகைகள் மேல் குண்டு போட்டன. துணியும் மரச்சட்டமுமான விமானங்களில் அவ்வளவு தூரம் போனதே பெரிய காரியம். ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். விமானி காயத்தோடு பிடிபட்டார். போர் முடிந்து ஜெர்மனி ஈடு கட்டியபோது அதே ஊரில் செய்த கப்பல் ஒன்று பிரான்சுக்கு வந்தது. அதற்கு ‘திக்ஸ்முத்’ என்று பெயர் வைத்தார்கள். 1923 டிசம்பரில் சிசிலிக்கு அருகே அது வெடித்து விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அந்த ஊரில் டாங்கி இயந்திரமும் விமானமும் செய்யும் தொழிற்சாலைகள் இருந்ததால் அது குறி ஆனது. 1944 ஏப்ரல் 27-28 இரவில் 322 லங்காஸ்டர் விமானங்கள் வந்தன. ஊரின் நடுப்பகுதி அழிந்தது. வந்ததில் 18 விமானங்கள் வீடு திரும்பவில்லை.

இனி 2002.

ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனிலிருந்து கரையோடு மேற்கே போனால் யூபர்லிங்கன் என்ற சிறிய ஊர். சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள். ஜெர்மன் மண், ஆனால் அதன் மேல் இருக்கும் வானத்தை மேற்பார்த்தது சுவிட்சர்லாந்து, சூரிக் நகரிலிருந்த ஸ்கைகைட் என்ற நிறுவனம். இது பழைய ஏற்பாடு. ஏற்பாடு என்று சொல்கிறேனே தவிர, அதற்கு முறையான ஒப்பந்தம் இருந்ததா என்ற கேள்வியைப் பிறகு ஒரு நீதிமன்றம் கேட்டது. அதற்கு வருகிறேன்.

ஜூலை 1, இரவு பதினொன்றரை மணி. ரஷ்யாவின் பாஷ்கீரியன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான டூபலோவ் 154 விமானம் மாஸ்கோவிலிருந்து பார்சலோனா போய்க்கொண்டிருந்தது. உள்ளே 69 பேர். அதில் 40-க்கு மேற்பட்டவர்கள் ஊஃபா நகரத்துப் பள்ளிப்பிள்ளைகள், ஸ்பெயின் கடற்கரைக்குச் சுற்றுலா போகிறவர்கள். ஏற வேண்டிய விமானத்தை மாஸ்கோவில் தவறவிட்டு, இரண்டு நாள் காத்திருந்து, அவர்களுக்காக ஏற்பாடு செய்த தனி விமானத்தில் வந்தார்கள். இன்னொரு பக்கம், இத்தாலியின் பெர்காமோவிலிருந்து பிரசெல்ஸ் போகும் டி.எச்.எல். சரக்கு விமானம், போயிங் 757. உள்ளே இரண்டு விமானிகள் மட்டும். இரண்டு விமானங்களும் 36,000 அடி உயரத்தில், ஒன்றின் பாதையை மற்றது செங்குத்தாகக் குறுக்கே வெட்டும்படி வந்துகொண்டிருந்தன.

சூரிக்கில் அந்த இரவு பணியில் இருந்தவர்கள் இரண்டு கன்ட்ரோலர்கள். ஒருவர் ஓய்வு அறைக்குப் போய்விட்டார். ராத்திரியில் போக்குவரத்து குறைவு, ஒருவர் பார்த்தால் போதும் என்பது அங்கே வருஷக்கணக்காக இருந்த வழக்கம். மேலதிகாரிகளுக்குத் தெரியும், அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. எழுத்தில் இல்லாத இந்த மாதிரி அனுமதிகளை நாம் அலுவலகங்களில் பார்த்திருக்கிறோம். எல்லாம் சரியாகப் போகும் வரை அது ‘நடைமுறை’. தவறு நடந்த மறுநாள் காலை அது ‘விதிமீறல்’.

மிச்சமிருந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர். நம் பாஷையில் சொன்னால் அன்று இரவு அவருக்கு முழுக் கூடுதல் பொறுப்பு. ஒன்றுக்கொன்று தள்ளியிருந்த இரண்டு மேசைகள், இரண்டு ரேடார் திரைகள், இரண்டு வானொலி அலைவரிசைகள், ஒரு மனிதர். அதோடு தொழில்நுட்பப் பிரிவினர் அன்று இரவுதான் பராமரிப்பு வேலை எடுத்திருந்தார்கள். விமானங்கள் நெருங்கினால் திரையில் எச்சரிக்கும் வசதி அதனால் நின்றிருந்தது. பிரதான தொலைபேசி இணைப்பையும் துண்டித்திருந்தார்கள். மாற்று இணைப்பு பழுது.

அந்த நேரத்தில் தாமதமாக வந்த ஒரு ஏர்பஸ், நாம் மேலே பார்த்த ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இறங்க வேண்டியிருந்தது. அதைக் கவனிக்க அவர் இரண்டாவது மேசைக்கு நகர்ந்தார். ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நிலையத்தோடு பேச வேண்டும், தொலைபேசி கிடைக்கவில்லை. மறுபடி முயன்றார். மறுபடி கிடைக்கவில்லை. அதே நேரத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்கள், இரண்டு புள்ளிகள் நெருங்குவதைத் தங்கள் திரையில் பார்த்துவிட்டு சூரிக்கைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கவே இல்லை. விமானங்களோடு நேரடியாகப் பேச அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

இனி நடந்தது 43 விநாடி. இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள்.

முதல் விநாடியில் கன்ட்ரோலர் ஆபத்தைக் கண்டு, ரஷ்ய விமானத்தைச் சீக்கிரம் கீழே இறங்கச் சொன்னார். ஏழு விநாடி கழித்து இரண்டு விமானங்களிலும் இருந்த ஒரு பெட்டி பேசியது. அதன் பெயர் டிகாஸ். பக்கத்தில் வரும் விமானத்தின் பெட்டியோடு அதுவே வானொலியில் பேசி, யார் ஏறுவது யார் இறங்குவது என்று முடிவு செய்து விமானியிடம் சொல்லும். தரையில் இருப்பவர் தூங்கினாலும் தவறினாலும் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகச் செய்த கருவி. அந்தப் பெட்டி சரக்கு விமானத்தை இறங்கச் சொன்னது. ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது.

ஆக, ரஷ்ய விமானிகளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு உத்தரவுகள். மனிதர் கீழே போ என்கிறார், கருவி மேலே போ என்கிறது. பெட்டி ஏறச் சொல்கிறதே என்று துணை விமானி சுட்டிக்காட்டியதும் பதிவில் இருக்கிறது. அதற்குள் கன்ட்ரோலர் மறுபடி, சீக்கிரம் இறங்கு என்றார். கூடவே, எதிர் விமானம் வலப்பக்கம் வருவதாகச் சொன்னார். உண்மையில் அது இடப்பக்கம் வந்துகொண்டிருந்தது. ரஷ்யர்கள் மனிதர் சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். சரக்கு விமானம் கருவி சொன்னதைக் கேட்டு இறங்கியது. தாங்கள் இறங்குவதை அதன் விமானிகள் தரைக்கும் சொன்னார்கள். அவர் அப்போது ஏர்பஸ் மேசையில் இருந்தார், காதில் விழவில்லை. 34,890 அடி உயரத்தில் சரக்கு விமானத்தின் வால், ரஷ்ய விமானத்தின் உடலை வெட்டிக்கொண்டு போனது. வாலை இழந்த சரக்கு விமானம் சில கிலோமீட்டர் தள்ளி, டைசர்ஸ்டார்ஃப் என்ற இடத்தருகே விழுந்தது. இறந்தவர்கள் 71.

கொடுமை என்னவென்றால், கன்ட்ரோலர் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அன்று எல்லோரும் பிழைத்திருப்பார்கள். பெட்டிகள் இரண்டும் சரியாகவே முடிவு செய்திருந்தன. பெட்டி என்ன சொன்னது என்பது தரையில் இருப்பவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தும் ஏற்பாடு இல்லை.

ரஷ்ய விமானிகள் ஏன் மனிதர் பேச்சைக் கேட்டார்கள்? அவர்கள் கையேடு அப்படி. தரைக் கட்டுப்பாட்டின் சொல்லே முதன்மை, பெட்டி ஒரு துணைக் கருவி என்கிற தொனியில் எழுதப்பட்டிருந்தது. மேற்கத்திய விமானிகளின் பயிற்சியோ பெட்டிதான் முதலில் என்றது. சர்வதேச அமைப்பின் விதிகளைப் படித்தால் இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம். அலுவலகத்தில் இப்படி வந்தால் நமக்கு ஒரு வழி உண்டு. இயக்குநர் ஒன்று எழுதி, செயலர் வேறொன்று எழுதியிருந்தால், கோப்பின் ஓரத்தில் ‘பேசவும்’ என்று போட்டு மேலே அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். எந்தச் சுற்றறிக்கை பிந்தியதோ அதுவே செல்லும் என்று ஒருவர் சொல்வார், அரசாணைக்கு முன் சுற்றறிக்கை நிற்காது என்று இன்னொருவர் சொல்வார், ஒரு வாரம் ஓடும். அந்த விமானிகளுக்குக் கிடைத்தது 36 விநாடி.

இந்த முரண்பாடு முன்னாலேயே தெரிந்த ஒன்று என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில், ஒரே கம்பெனியின் இரண்டு பெரிய விமானங்கள் இதே காரணத்தால் மோதவிருந்து மயிரிழையில் தப்பின. கன்ட்ரோலர் ஒன்று சொன்னார், பெட்டி வேறு சொன்னது, விமானி கன்ட்ரோலரைக் கேட்டார். இரண்டிலும் சேர்த்து 677 பேர். உள்ளே இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டுப் பலருக்குக் காயம். ஜப்பானியர் விசாரித்து எழுதிய அறிக்கை வெளிவந்ததும் 2002 ஜூலையில்தான். யூபர்லிங்கனில் பிள்ளைகள் செத்து சில நாட்கள் ஆகியிருந்தன. அதன் பிறகே சர்வதேச விதி ஐயத்துக்கு இடமில்லாமல் மாறியது: பெட்டியும் மனிதரும் முரண்பட்டால் பெட்டியைக் கேள். நம் நாட்டிலும் விமானங்களில் இந்தப் பெட்டி கட்டாயமானது ஒரு பெரிய சாவுக்குப் பிறகுதான். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் மோதி 349 பேர் போனதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எக்டர்டிங்கனில் கப்பல் எரிந்தபோது பணம் அனுப்பினார்கள் என்று சொன்னேன். இங்கே வேறு மாதிரி நடந்தது. ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒசேத்தியாவைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஒருவர், மனைவியும் மகனும் மகளும் வருவார்கள் என்று பார்சலோனாவில் காத்திருந்தார். அவர்கள் அந்த விமானத்தில் இருந்தார்கள். சேதி தெரிந்ததும் ஏரிக்கரைக்கு ஓடிவந்து, தேடுகிறவர்களோடு சேர்ந்து அவரும் தேடினார். நாலு வயது மகளின் அறுந்த முத்துமாலை அவர் கையில் கிடைத்தது. ஸ்கைகைட் நிறுவனத்திடம் அவர் கேட்டது ஒரு மன்னிப்பு. நேருக்கு நேர் யாராவது சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவருக்குத் திருப்தியான பதில் வரவில்லை. 2004 பிப்ரவரி 24 அன்று சூரிக் அருகே க்ளோட்டனில் அந்த டென்மார்க்காரரின் வீட்டு வாசலில் போய் நின்று, அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். கொல்லப்பட்டவருக்கும் மனைவி, குழந்தைகள். நீதிமன்றம் 8 வருஷம் கொடுத்தது, பிறகு தண்டனை குறைந்து 2007-ல் வெளியே வந்தார். சொந்த ஊரில் அவரை வீரர் போல் வரவேற்றார்கள். மகளை இழந்த தகப்பனின் வேதனை புரிகிறது. அந்த வரவேற்பு எனக்குப் புரியவில்லை.

ஏனென்றால் விசாரணை அறிக்கை வெளிவந்தது 2004 மே மாதம், அந்தக் கொலைக்கு மூன்று மாதம் கழித்து. கன்ட்ரோலர் தாமதமாகக் கவனித்தார் என்பதை அது மறைக்கவில்லை. கூடவே, இரவில் ஒருவரே பணியில் இருப்பதை நிர்வாகம் வருஷக்கணக்காக அனுமதித்தது, விதிகள் உலகம் முழுவதும் ஒன்றுபோல் இல்லை, பெட்டியை எல்லோரும் ஒரே மாதிரிப் பயன்படுத்தும்படி யாரும் வரையறுக்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதியது. 2006-ல் கோன்ஸ்தான்ஸ் நீதிமன்றம் இன்னொன்று சொன்னது. தன் வானத்தை அயல்நாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்க ஜெர்மனி செல்லத்தக்க சட்ட ஏற்பாடு எதுவும் செய்யவில்லை, ஆகவே பொறுப்பு ஜெர்மன் அரசுக்கே. 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் ஸ்கைகைட் மேலாளர்கள் மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் இன்னொரு ஊழியருக்கு அபராதமும் விதித்தது. மேலாளர்கள் ஒரு நாளும் சிறைக்குப் போகவில்லை.

ரஷ்ய விமானத்தின் பாகங்கள் விழுந்த இடங்களில் ஒன்று யூபர்லிங்கனை ஒட்டிய ப்ராகன்ராய்ட்ட. அங்கே சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளி இருக்கிறது. இரண்டு விமானங்கள் நொறுங்கி அந்த வட்டாரம் முழுவதும் கொட்டியும், தரையில் ஒருவருக்கும் காயமில்லை. நினைவுச் சின்னத்தை அங்கேதான் வைத்தார்கள், அந்த முத்துமாலையை வைத்தே வடிவம் கொடுத்தார்கள். அறுந்த மாலையிலிருந்து உருண்ட முத்துகள் போல, ஆள் கையால் தூக்க முடியாத பெரிய உலோகக் கோளங்கள் புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. வருஷா வருஷம் ஜூலையில் ஊஃபாவிலிருந்து பெற்றோர்கள் அங்கே வந்து நின்றிருக்கிறார்கள்.